வீட்டில் ஈயக்குண்டு வார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் வீச்சு வலைக்கான குண்டைக் கடையில் வாங்கியதே இல்லை. அப்பா கொல்லைப்புறத்தில் மூன்று கல் வைத்து, இரும்புச் சட்டியில் ஈயத்தைக் காய்ச்சி, அவரே வார்த்துக்கொள்வார். நாங்கள் சுற்றி உட்கார்ந்து பார்ப்போம், ஆறிய குண்டைப் பொறுக்கி விளையாடுவோம். அப்போது ஈயத்தைப் பற்றி யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நான் இப்போதும் வார்க்கிறேன், ஆனால் அப்பா செய்ததில் பாதியை மாற்றிவிட்டேன். வலை கட்டுபவர்களும் தூண்டில் போடும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

ரசம் வைக்கிற ஈயச்சொம்பும் ஈயம்தானே? அது கெடுதல் இல்லை என்றால் இது மட்டும் எப்படி?

முதலில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் ஈயம் என்ற ஒரே சொல்லில் இரண்டு உலோகங்களைச் சொல்கிறோம். ஈயச்சொம்பும், பித்தளைப் பாத்திரத்தின் உள்ளே பூசுகிற ஈயமும் வெள்ளீயம். அது 232 டிகிரி செல்சியஸில் உருகும், சமையலுக்கு ஆகும். வலைக்குண்டு வார்ப்பது காரீயத்தில். அது 327 டிகிரியில் உருகும், உடம்புக்கு எந்த அளவிலும் ஆகாது. காரீயம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம் எடை. வெள்ளீயம் 7.3 கிராம்தான். இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். வெள்ளீயம் வெளுப்பாக மின்னும். காரீயம் வெட்டிய இடத்தில் மட்டும் பளபளத்து, சில நாளில் சாம்பல் நிறத்துக்குப் போய்விடும். இனி இந்தப் பக்கத்தில் ஈயம் என்று எழுதுவதெல்லாம் காரீயம்.

வெள்ளீயத்தோடு காரீயம் கலந்து செய்த சொம்பில் புளிக்கரைசல் கொதித்தால் காரீயம் ரசத்தில் இறங்கும். சொம்பு வாங்கும்போது நம்பகமான இடத்தில் வாங்குங்கள்.

துப்பாக்கிக் குண்டு வார்ப்பதும் இதே வேலைதானே?

உலோகம் அதே உலோகம். ஈயத்தைக் கெட்டிப்படுத்துவது பற்றி நமக்குத் தெரிந்த பலவும் துப்பாக்கிக்காரர்களும் அச்சுக்கூடத்தாரும் தேடிக் கண்டுபிடித்ததுதான். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் வில்லியம் வாட்ஸ் என்பவர், உருகிய ஈயத்தை உயரத்திலிருந்து சல்லடை வழியாகத் தண்ணீரில் விழவிட்டு உருண்டையான ரவைகள் செய்யும் முறைக்கு 1782இல் காப்புரிமை வாங்கினார். துளி உருண்டு திரள்வதற்காக ஈயத்தில் கொஞ்சம் ஆர்சனிக் சேர்ப்பது அந்தத் தொழிலின் வழக்கம். ஆனால் இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்யக் கூடாது. இங்கே சொல்வது வலைக்கும் தூண்டிலுக்கும் மட்டும்.

எந்த ஈயத்தை உருக்கலாம்?

மிகச் சுத்தமானது பழைய வலையிலிருந்து கழற்றிய குண்டு. அதற்கு அடுத்தது ஈயத் தகடு, பழைய கேபிள்களின் மேலுறை. இவை மெதுவான ஈயம், அதாவது மிருதுவானவை; நகத்தால் கீறினால் கோடு விழும்.

டயர் கடையில் கிடைக்கும் வீல் பேலன்ஸ் எடைகள் கொஞ்சம் கெட்டி. கொக்கி வைத்த எடைகளில் சுமார் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு, ஈயத்தைக் கெட்டியாக்கும் ஆன்டிமனி என்ற தனிமம் இருக்கும். ஒட்டுகிற வகை ஏறக்குறைய சுத்த ஈயம்.

பழைய அச்சுக்கூடங்களிலிருந்து வந்த அச்செழுத்து ஈயம் இப்போதும் எப்போதாவது காயலான் கடையில் தென்படும். அது மிகவும் கெட்டி. வரி வரியாக எழுத்து வார்க்கும் லைனோடைப் எந்திரத்தின் உலோகத்தில் நூற்றுக்கு 12 பங்கு ஆன்டிமனி, 4 பங்கு வெள்ளீயம், மீதி ஈயம். எழுத்தின் ஓரம் கூர்மையாக வர வேண்டும், ஆயிரக்கணக்கான தாள் அழுத்தினாலும் தேயக் கூடாது என்பதற்காக அந்தக் கலவை. தரங்கம்பாடியில் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு காலத்தில், ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்ததால், பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கிச் சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். அச்செழுத்து ஈயம் கையில் கிடைத்தால், அதை உருக்கும் முன் ஒருமுறை யோசியுங்கள் என்று கேட்டுக்கொள்வேன். முழு எழுத்துப் பெட்டியாக இருந்தால் உருக்கவே வேண்டாம்.

பேட்டரித் தகட்டை உருக்கலாமா? அதில்தானே ஈயம் மலிவு?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரியின் உள்ளே இருப்பது கட்டி ஈயம் அல்ல. பாதிக்கு மேல் சேறு போன்ற ஈய சல்பேட்டும் ஈய ஆக்சைடும். கந்தக அமிலம் ஊறிப் போயிருக்கும். காய்ந்ததும் அது மாவாகப் பறக்கும், மூச்சில் போகும், மண்ணில் படியும். இப்போதைய பேட்டரிகளின் கம்பிச் சட்டங்களில் கால்சியம் கலந்திருக்கும். அதை ஆன்டிமனியோ ஆர்சனிக்கோ உள்ள ஈயத்தோடு சேர்த்து உருக்கினால், வழித்துப் போடும் கசடு ஈரம் பட்டதும் ஸ்டிபின், ஆர்சின் என்ற வாயுக்களை வெளியிடக்கூடும். இரண்டும் ஆளைக் கொல்லும் வாயுக்கள்.

செனகல் நாட்டில் டாக்கர் நகரத்தை ஒட்டிய தியாரோய் சுர் மேர் என்ற இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அதுவும் கடலோர ஊர்தான். அங்கே மக்கள் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஈயம் கலந்த மண்ணை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சலித்தார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தன. அந்தப் பிள்ளைகள் யாரும் ஈயம் காய்ச்சவில்லை. அந்த மண்ணில் விளையாடினார்கள், அவ்வளவுதான்.

பழைய பேட்டரியை, புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். அதைத் திரும்ப எடுத்துக்கொள்வதற்கு நம் நாட்டில் 2001 முதலே விதிகள் உண்டு; இப்போது 2022ஆம் ஆண்டு விதிகள் நடப்பில் இருக்கின்றன.

வீல் பேலன்ஸ் எடையில் துத்தநாகம் கலந்துவிடும் என்கிறார்களே?

ஆமாம், பலருக்கும் சட்டி கெடுவது இதனால்தான். ஐரோப்பாவில் புதிய கார்களில் ஈய எடை பயன்படுத்துவதை 2005இலேயே நிறுத்திவிட்டார்கள். அதன்பின் துத்தநாகமும் இரும்பும் அந்த இடத்துக்கு வந்துவிட்டன. துத்தநாக எடையில் இசட்-என் என்றும் இரும்பில் எஃப்-இ என்றும் ஆங்கில எழுத்து பொறித்திருக்கும். குறட்டால் ஓரத்தை நெரித்துப் பாருங்கள். ஈயம் நசுங்கும், மற்றவை அசையாது.

தவறிச் சட்டிக்குள் போனாலும் சூடு அளவோடு இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். துத்தநாகம் 420 டிகிரியில்தான் உருகும். அதற்குக் கீழே இருந்தால் மேலே மிதக்கும், அரித்து எடுத்துவிடலாம். உருகிக் கலந்துவிட்டால் ஈயம் கூழ் போல ஆகிவிடும், அச்சில் நிரம்பாது. அதைச் சரிசெய்யப் பாடுபட வேண்டாம், தனியாக ஊற்றி வைத்துப் பழைய உலோகக் கடைக்குக் கொடுத்துவிடுங்கள்.

ஈயத்தைக் கெட்டிப்படுத்துவது எப்படி? வலைக்குண்டுக்கு அது வேண்டுமா?

எந்தக் குண்டு என்பதைப் பொறுத்தது. கயிற்றில் வைத்து நெரித்துப் பிடிக்கிற குண்டு மெதுவாகத்தான் இருக்க வேண்டும். கெட்டி ஈயத்தை நெரித்தால் விரிசல் விடும், அந்த விரிசலின் ஓரம் கயிற்றை அறுக்கும். துளையுள்ள குண்டுக்கு நடுத்தரம் போதும். பாறைத் தரையில் இழுபடும் தூண்டில் எடைக்கு மட்டும்தான் கெட்டி ஈயத்தால் லாபம்: அடிபட்டு நெளியாது, சீக்கிரம் தேயாது.

ஈயத்தைக் கெட்டியாக்குவது ஆன்டிமனி. வெள்ளீயம் கொஞ்சம் கெட்டியாக்கும், அதைவிட முக்கியமாக உலோகம் அச்சின் மூலை முடுக்கெல்லாம் ஓடி நிரம்ப உதவும். பிரினெல் என்ற கடினத்தன்மை அளவில் சுத்த ஈயம் ஏறக்குறைய 5, வீல் எடை 10 முதல் 12, லைனோடைப் 22 அளவில் இருக்கும். சுத்த ஆன்டிமனியை வாங்கிச் சட்டியில் போட வேண்டாம். அது 630 டிகிரியில் உருகுவது. அதைக் கரைக்கச் சூட்டை ஏற்றிக்கொண்டே போவீர்கள், அந்தச் சூட்டில் ஈயம் புகையும். ஆன்டிமனி ஏற்கெனவே கலந்த வீல் எடையையோ அச்சு ஈயத்தையோ மெதுவான ஈயத்தோடு சேர்ப்பதே வழி. நான் பாறை எடைக்குப் பாதிக்குப் பாதி வீல் எடையும் கேபிள் ஈயமும் போடுகிறேன்.

கெட்டியா மெதுவா என்று பார்க்கக் கருவி வேண்டியதில்லை. நகத்தால் கீறுங்கள். அல்லது சிமெண்டுத் தரையில் போடுங்கள்: மெதுவான ஈயம் தொப்பென்று விழும், ஆன்டிமனி கலந்தது மணிபோலக் கொஞ்சம் கிணுங்கும். தொட்ட கையைக் கழுவிவிடுங்கள்.

சூடாகத் தண்ணீரில் போட்டால் இன்னும் கெட்டியாகுமாமே?

ஆகும், ஆனால் எல்லா ஈயமும் ஆகாது. சூடான கெட்டி ஈயத்தில் ஆன்டிமனி நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் கரைந்திருக்க முடியும். ஆறிய ஈயத்தில் அதில் சிறு பகுதிதான் கரைந்திருக்கும். திடீரென்று குளிர்வித்தால், வெளியேற வேண்டிய ஆன்டிமனி உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. பிறகு மணிக்கணக்கில், நாள்கணக்கில் நுண்ணிய துகள்களாகப் பிரிந்து ஈயத்தை இறுக்குகிறது. துளி ஆர்சனிக் இருந்தால் இது நன்றாக நடக்கும், வீல் எடையில் அது இருக்கும். சுத்த ஈயத்தையோ வெள்ளீயம் மட்டும் கலந்த ஈயத்தையோ தண்ணீரில் போட்டு ஒரு பயனும் இல்லை.

வலைக்குண்டுக்கு இது தேவையில்லை என்பது என் முடிவு. கிடைக்கிற லாபம் கொஞ்சம்; உருகிய ஈயம் இருக்கும் இடத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைப்பதன் ஆபத்து மிகப் பெரிது. ஒரு சொட்டு தெறித்து சட்டிக்குள் விழுந்தால் என்ன ஆகும் என்று அடுத்த பதிலில் படியுங்கள்.

ஈயம் வெடிக்கும் என்கிறார்களே, உண்மையா?

ஈயம் வெடிப்பதில்லை, தண்ணீர் வெடிக்கிறது. நீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும். ஈயத்துக்கு அடியில் மாட்டிக்கொண்ட ஒரு சொட்டு அந்த வேகத்தில் விரியும்போது, மேலே உள்ள ஈயம் முழுவதையும் முகத்துக்கு வீசிவிடும். ஈயத்தின் மேற்பரப்பில் விழுந்த சொட்டு பெரும்பாலும் சீறிவிட்டுப் போய்விடும். உள்ளே போன ஈரம்தான் வெடிக்கும்.

எங்கள் வீட்டில் ஒருமுறை இது நடந்தது. பழைய வலையிலிருந்து அப்போதுதான் அறுத்த குண்டு ஒன்றை, சட்டியில் ஈயம் உருகிக் கிடக்கும்போது அண்ணன் போட்டான். குண்டின் துளைக்குள் உப்புநீரும் நூல் துணுக்கும் இருந்தன. சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. அவன் முன்கையில் ஐந்தாறு இடத்தில் ஈயம் ஒட்டிக்கொண்டது. தழும்பு இன்றும் இருக்கிறது. கண்ணில் படாமல் போனது எங்கள் நல்ல காலம்.

அதிலிருந்து நான் வைத்திருக்கும் ஒழுங்கு இது. பழைய குண்டுகளை நூல் எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் இரண்டு நாள் காயவைப்பேன். எல்லாவற்றையும் குளிர்ந்த சட்டியில் போட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பேன். நடுவில் சேர்ப்பதே இல்லை; சேர்க்க வேண்டியிருந்தால் அடுப்பை அணைத்து, ஈயம் இறுகியபின் மேலே வைத்து மறுபடி சூடேற்றுவேன். கரண்டியையும் அச்சையும் அடுப்போரம் வைத்துச் சூடாக்கிக்கொள்வேன், ஏனென்றால் குளிர்ந்த இரும்பில் காற்றின் ஈரம் படிந்திருக்கும். மழை வரும்போல் இருந்தால் அன்றைக்கு வேலை கிடையாது. வேர்வை சொட்டாமல் நெற்றியில் துண்டு கட்டிக்கொள்வேன்.

எவ்வளவு சூடு வைக்க வேண்டும்?

350 முதல் 400 டிகிரி செல்சியஸ். 500ஐத் தாண்டினால் ஈயப்புகை கணிசமாக எழத் தொடங்கும். கம்பி முனையுள்ள டிஜிட்டல் வெப்பமானி இப்போது பெரிய விலை இல்லை, ஒன்று வாங்கிவிடுங்கள். அது கையில் இல்லாதபோது கண்தான் அளவுகோல்: வழித்துவிட்ட மேற்பரப்பு உடனே மஞ்சளும் நீலமுமாக நிறம் மாறினால் சூடு கூடிவிட்டது. சட்டியின் அடி இருட்டில் மங்கலாகச் சிவந்து தெரிந்தால் மிகமிக அதிகம், உடனே தீயைக் குறையுங்கள்.

விறகைவிட கேஸ் அடுப்பு நல்லது, தீயை நினைத்த நேரம் குறைக்கலாம். ஆனால் அது சமையலறை அடுப்பாக இருக்கக் கூடாது. இதற்கென்று தனி அடுப்பு, தனிச் சட்டி, தனிக் கரண்டி. அலுமினியச் சட்டி வேண்டாம், இரும்பு மட்டும்.

எங்கே உட்கார்ந்து செய்வது?

திறந்த வெளியில், கூரை இல்லாத இடத்தில், காற்று உங்கள் முதுகுப்பக்கமிருந்து வீசும்படி. கிணறு, துணிக்கொடி, கீரைப்பாத்தி, பிள்ளைகள் விளையாடும் மணல் இவற்றிலிருந்து தள்ளி. கீழே ஒரு பழைய தகரத்தை விரித்துக்கொள்ளுங்கள், சிந்தியதை முழுசாகப் பொறுக்கலாம். பக்கத்தில் காய்ந்த மணல் ஒரு வாளி இருக்கட்டும்.

அச்சு எதில் செய்வது?

அலுமினிய அச்சு நெடுநாள் உழைக்கும். மாக்கல்லில் குடைந்த அச்சும் நன்றாக இருக்கும். களிமண், பாரிஸ் சாந்து இரண்டும் பார்வைக்குக் காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரம் வைத்திருக்கும். அடுப்பருகே பல மணிநேரம் சூடேற்றாமல் அவற்றில் ஊற்றாதீர்கள். கடற்கரை மணலில் குழி போட்டு ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மணலில் ஈரமும் உப்பும் எப்போதும் உண்டு. வேண்டாம்.

குண்டில் சுருக்கம் விழுகிறதே?

அச்சு குளிர்ந்திருக்கிறது. முதல் நாலைந்து வார்ப்பு அப்படித்தான் வரும், திரும்பச் சட்டியில் சேர்க்கத் தனியாக வையுங்கள். மாறாக, மேலே பனி படர்ந்ததுபோல் மங்கலாக இருந்தால் அச்சோ ஈயமோ அதிகம் சூடு. அச்சில் ஊற்றும் வாய்ப்பக்கம் குண்டில் குழி விழுந்தால் ஈயம் இறுகும்போது சுருங்கியிருக்கிறது, கொஞ்சம் கூடுதலாக ஊற்றுங்கள்.

மேலே மிதக்கும் கசடை என்ன செய்வது?

சாம்பல் போல மிதப்பது ஈய ஆக்சைடு, அதில் நல்ல உலோகமும் சிக்கியிருக்கும். காய்ந்த மரத்தூள் ஒரு பிடி அல்லது மெழுகு சிறு துண்டு போட்டுக் கிளறினால் ஆக்சைடில் ஒரு பங்கு மறுபடி ஈயமாகிக் கீழே இறங்கும். மெழுகு குப்பென்று தீப்பிடிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை மெல்ல வழித்து, மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். தட்டாதீர்கள், ஊதாதீர்கள். இந்த வேலையில் உடம்புக்கு மிகவும் கெடுதலான பொருள் அந்த டப்பாவில் உள்ள தூள்தான். குப்பைத்தொட்டிக்கோ தென்னை மரத்தடிக்கோ போகக் கூடாது. டப்பா நிறைந்ததும் உரிமம் பெற்ற ஈய மறுசுழற்சிக்காரரிடம் சேர்த்துவிடுங்கள்.

புகையில் நிற்காமல் பார்த்துக்கொண்டால் போதும்தானே?

போதாது. எல்லோரும் புகைக்குத்தான் பயப்படுகிறோம், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிகிறது. சூடு 400 டிகிரிக்குள் இருந்தால் ஈயப்புகை மிகக் குறைவு. பெரும்பாலும் ஈயம் நம் உடம்புக்குள் போவது வாய் வழியாக. கசடைத் தொட்ட விரலால் பீடி பற்றவைக்கிறோம், வெற்றிலை மடிக்கிறோம், வேலை நடுவில் டீ குடிக்கிறோம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உள்ளே போகிறது.

அப்புறம், அது வேலை செய்தவரோடு நிற்பதில்லை. லுங்கியில், முடியில், செருப்பில் ஏறி வீட்டுக்குள் வருகிறது. அப்பா வேலை முடிந்ததும் அதே லுங்கியோடு வந்து தங்கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார். அதை நினைக்கும்போது இன்றும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அவருக்குத் தெரிந்திருந்தால் நிச்சயம் செய்திருக்க மாட்டார்.

இப்போது நான் செய்வது: வேலைக்கென்று ஒரு முழுக்கைச் சட்டை, நீளக் கால்சட்டை, மூடிய செருப்பு. அவை வீட்டுக்குள் வருவதில்லை, மற்ற துணியோடு சேர்ந்து துவைபடுவதும் இல்லை. நடுவில் எதையும் வாயில் வைப்பதில்லை. முடிந்ததும் இடத்தைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கிறேன். பெருக்கினால் தூசி எழும். கொல்லைக் குழாயில் சோப்புப் போட்டு நகக்கண் வரை கழுவி, தலைக்குக் குளித்துவிட்டுத்தான் உள்ளே போவேன்.

முகமூடி, கையுறை?

கண்ணாடி கட்டாயம், முகம் முழுதும் மறைக்கும் தடுப்பு இருந்தால் இன்னும் நல்லது. கைக்குத் தோல் கையுறை. நைலான், ரப்பர் கையுறைகள் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், பாலியெஸ்டர் சட்டையும் அப்படியே. பருத்தி உடுத்துங்கள். துண்டை மூக்கில் கட்டுவதால் ஈயத்தூசி நிற்காது. நுண்துகளைத் தடுக்கும் வடிகட்டி உள்ள, முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் முகமூடி வேண்டும்.

பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் என்ன? கர்ப்பிணிகள்?

இருக்கக் கூடாது, பார்க்கக்கூட வேண்டாம். வயிற்றுக்குள் போன ஈயத்தைப் பெரியவர்களைப் போல நாலைந்து மடங்கு குழந்தைகளின் உடல் உறிஞ்சிக்கொள்ளும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது வளரும் மூளையைத் தாக்கும். படிப்பும் கவனமும் குறையும், அந்த இழப்பு திரும்ப வராது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கண்டறியப்படவில்லை. கர்ப்பிணியின் ரத்தத்தில் உள்ள ஈயம் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். எலும்பில் பல வருடம் முன்பு தங்கிய ஈயமும் கர்ப்ப காலத்தில் கரைந்து ரத்தத்துக்கு வரும். அதனால் கல்யாணமாகாத பெண்பிள்ளைகளையும் இந்த வேலையில் உட்கார வைக்காதீர்கள்.

இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த உடம்பு ஈயத்தை இன்னும் அதிகமாக இழுத்துக்கொள்ளும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாம் நல்லதுதான். ஆனால் அவை உள்ளே போன ஈயத்தை எடுத்துவிடாது.

உடம்பில் ஈயம் ஏறியிருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

ரத்தப் பரிசோதனைதான். வயிற்றுவலி, மலச்சிக்கல், சோர்வு, தலைவலி, எரிச்சல், ரத்தசோகை எல்லாம் வரும், ஆனால் இவை வேறு நூறு காரணத்தாலும் வரும். ரத்தத்தில் ஈய அளவு பார்க்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள், என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன வழிகாட்டுதல். ரத்தத்தில் உள்ள ஈயம் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும், எலும்பில் உள்ளது பத்து வருடத்துக்கு மேலும் தங்கும். ஈயத்தை இறக்கும் மருந்தை மருத்துவமனையில்தான் கொடுக்க வேண்டும். நாட்டு வைத்தியம் என்று எதையும் முயல வேண்டாம்.

தூண்டில் குண்டைப் பல்லால் கடித்து நெரிக்கிறோமே, அதனால் என்ன?

தயவுசெய்து நிறுத்துங்கள். சின்னக் குறடு ஒன்றைத் தூண்டில் பெட்டியில் போட்டு வையுங்கள். குண்டை யாராவது விழுங்கிவிட்டால், குறிப்பாகக் குழந்தை, தானாக வெளியே வரும் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வயிற்று அமிலத்தில் ஈயம் கரையும். எக்ஸ்ரேயில் அது தெளிவாகத் தெரியும்.

சுட்டுவிட்டால்?

ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஒட்டிய ஈயத்தைப் பிய்க்காதீர்கள், தோலோடு வரும். பற்பசை, மை, மாவு எதுவும் தடவ வேண்டாம். கண், முகம், உள்ளங்கை என்றால் சின்னக் காயமாக இருந்தாலும் மருத்துவமனை.

ஈயத்துக்குப் பதில் வேறு எதையாவது போடலாமா?

போடலாம், கணக்குப் போட்டுச் செய்தால். 100 கிராம் ஈயம் கடல்நீரில் ஏறக்குறைய 91 கிராம் எடை காட்டும். அதே 100 கிராம் இரும்பு 87 கிராம், கருங்கல் 61 கிராம் அளவு. அதாவது 100 கிராம் ஈயத்தின் வேலையை 105 கிராம் இரும்பு செய்துவிடும், பருமன் ஒன்றரை மடங்கு ஆகும். கல் என்றால் 150 கிராம் வேண்டும், பருமன் ஆறு மடங்குக்கு மேல். அதனால்தான் வீசி எறிகிற வலைக்கு ஈயம் விலகமாட்டேன் என்கிறது: சிறிதாக இருந்து வேகமாக மூழ்க வேண்டும். நங்கூர எடைக்கும் தரையில் கிடக்கும் வலைக்கும் இரும்போ கல்லோ சுட்ட மண்ணோ தாராளமாகப் போதும். இரும்பு துருப்பிடிக்கும், ஆனால் துரு யாரையும் கொல்லாது.

நன்னீர் குளத்தில் சின்னக் குண்டு போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். அரைவைக்காகக் கல் விழுங்கும் நீர்ப்பறவைகள் அறுந்து கிடக்கும் ஈயக்குண்டையும் விழுங்கிவிடுகின்றன, ஒரே குண்டு ஒரு பறவையைக் கொல்லப் போதும். பிரிட்டனில் அன்னங்கள் இப்படிச் செத்ததால்தான் 28 கிராம் வரையிலான பெரும்பாலான ஈய எடைகளை 1987இல் தடை செய்தார்கள்; அதன்பின் அன்னங்களின் எண்ணிக்கை கூடியது. டென்மார்க்கிலும் ஈயத் தூண்டில் எடை விற்க முடியாது.

எனக்கு வருடத்துக்கு ஒரு வலைதான். வார்க்கணுமா, வாங்கிவிடலாமா?

வாங்கிவிடுங்கள். தனிச் சட்டி, அடுப்பு, முகமூடி, உடுப்பு என்று நான் சொன்னதையெல்லாம் சேர்த்தால், சில கிலோ குண்டு கடையில் வாங்குவதைவிடச் செலவு அதிகம். பழைய வலை கிழிந்தால் குண்டைக் கழற்றிப் புதிய வலையில் அப்படியே கட்டிக்கொள்ளுங்கள், நன்றாக இருக்கும் குண்டை உருக்கத் தேவையில்லை. வீட்டில் ஏற்கெனவே ஈயம் காய்ச்சிய சட்டி இருந்தால், இன்றைக்கே அதன் அடியில் ஆணியால் இரண்டு ஓட்டை போட்டு வையுங்கள். தெரியாமல் யாரும் அதில் பால் காய்ச்சிவிடக் கூடாது.